மருந்து வேலை செய்யவில்லையா, மீனுக்குப் போய்ச் சேரவே இல்லையா?

கேள்வி: சார், கடலில் மிதவைக் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறேன். ஒரு கூண்டில் 3,000 மீன், இப்போது சராசரி 400 கிராம். வால் அரித்துப்போகிறது, உடம்பில் சிவந்த புண், சில மீனுக்குக் கண் பிதுங்கி வெள்ளை படர்ந்திருக்கிறது. முதல் வருஷம் குஞ்சாக இருந்தபோது இதே மாதிரி வந்தது, ஆக்ஸிடெட்ராசைக்ளின் பவுடரைத் தீவனத்தில் கலந்து கொடுத்தேன், நாலாம் நாளே சாவு நின்றது. போன வருஷம் இழுத்தடித்து நின்றது. இந்த முறை 5 நாள் கொடுத்துவிட்டேன், தினமும் முப்பது நாற்பது மீன் செத்து மிதக்கிறது. 25 கிலோ மூட்டைக்கு 100 கிராம் பாக்கெட் ஒன்று, ஒரு கூண்டுக்கு நாளுக்கு ஒரு மூட்டை. பாக்கெட்டில் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது. மருந்து விற்பவர், “கிருமிக்கு இது பழகிப்போச்சு, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறுங்க, இல்லாட்டி இதையே டபுளா போடுங்க” என்கிறார். எந்த ஆன்டிபயாடிக் இதைவிட ஸ்ட்ராங், சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். நாளுக்கு நாற்பது மீன் மிதக்கிறபோது ஸ்ட்ராங்கான மருந்து எது என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் நின்றது அந்தக் கேள்வியில் இல்லை, “10 சதவீதம்” என்ற வார்த்தையில். அதனால் முதலில் ஒரு கணக்கு போட்டுவிடுவோம்.

100 கிராம் பாக்கெட்டில் 10 சதவீதம் மருந்து என்றால், உள்ளே இருக்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் 10 கிராம்தான், மீதி 90 கிராம் வெறும் மாவு. உங்கள் கூண்டில் இருப்பது 1,200 கிலோ மீன். 10 கிராமை 1,200 கிலோவுக்குப் பங்கு போட்டால் ஒரு கிலோ மீனுக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் சொச்சம் வருகிறது. இந்த மருந்தைத் தீவனத்தில் கொடுக்கும்போது பொதுவாகப் புழக்கத்தில் இருக்கும் அளவு, ஒரு கிலோ மீனுக்கு நாளுக்கு 55 முதல் 80 மில்லிகிராம், அதுவும் 10 நாள். அதாவது நீங்கள் கொடுத்தது எட்டில் ஒரு பங்கு, நாளிலும் பாதி. இதிலும் மீன் மூட்டை முழுவதையும் தின்றுவிட்டதாக வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். நோய் வந்த கூண்டில் பாதித் தீவனம் அடியில் இறங்கிப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அப்படியானால் 4 மில்லிகிராம்.

முதல் வருஷம் எப்படிக் கேட்டது என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. அப்போது குஞ்சு. குஞ்சு மீன் தன் உடல் எடையில் 5 சதவீதம்கூடத் தின்னும், 400 கிராம் மீன் 2 சதவீதம் தின்றாலே அதிகம். மூட்டைக்கு ஒரு பாக்கெட் என்ற அதே கலவையில், 5 சதவீதம் தின்ற குஞ்சுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போயிருக்கும், இன்றைய மீனுக்கு 8. மூட்டையைப் பார்த்து மருந்து கலக்கிறோம், மீனின் எடையைப் பார்த்துக் கலப்பதில்லை, அதனால் மீன் வளர வளர டோஸ் தானாகவே தேய்ந்துகொண்டு போகிறது. அப்புறம், முதல் வருஷம் மருந்தால்தான் சாவு நின்றதா, தண்ணீர் தெளிந்து நோய் தானாகவே அடங்கியதா என்பதையும் இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் நடப்பதுதான்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே மூட்டைக்கு எட்டுப் பாக்கெட் பிரித்துக் கொட்டிவிடாதீர்கள். முழுக்கப் படியுங்கள்.

ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்குக் கடல் மீனிடம் ஒரு பிரச்சினை உண்டு, இதை மருந்து விற்பவர்கள் சொல்வதில்லை, பலருக்குத் தெரியவும் தெரியாது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். கடல் மீன் அப்படியில்லை, அதன் உடம்பிலிருந்து தண்ணீர் உப்புக் கடலுக்குப் போய்க்கொண்டே இருப்பதால் ஈடுகட்ட நாள் முழுக்கக் கடல்நீரைக் குடிக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் மெக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம், கால்சியம் சுமார் 400 மில்லிகிராம். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் இந்த இரண்டையும் கண்டால் பிடித்துக்கொண்டு விடாது, அப்படிக் கட்டுண்ட மருந்து குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போவது கஷ்டம். ஏற்கெனவே மீன் குடலில் இந்த மருந்து உறிஞ்சப்படுவது சொற்பம், கடல்நீரும் சேர்ந்தால் இன்னும் குறைவு. தின்றதில் பெரும்பகுதி அப்படியே சாணமாக வெளியேறிக் கூண்டுக்கு அடியில் வண்டலில் போய்ப் படிகிறது, அங்கே வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் கிடக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்தின் பெரும்பங்கு மீனுக்கு இல்லை, சேற்றுக்கு.

போதாக்குறைக்குப் பவுடரை வெறுமனே தீவனத்தின் மேல் தூவிப் புரட்டினால், தண்ணீரில் விழுந்த சில நிமிஷத்திலேயே கரைந்து போகத் தொடங்கும். மீன் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விட்டுப் புரட்டி, ஒரு பூச்சாக ஒட்ட வைத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தால்தான் ஓரளவு தங்கும்.

இன்னொன்று. தீவனத்தில் கலந்த மருந்தை யார் தின்கிறார்கள்? பசியெடுத்த மீன். நோய் முற்றிய மீன் ஓரமாக, மேலாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும், வாயைத் திறக்காது. ஆக மருந்து முழுக்க நல்ல மீனுக்குப் போகிறது, மருந்து தேவைப்படுகிற மீனுக்குப் போவதில்லை. தீவன மருந்தால் நாம் உண்மையில் செய்வது இன்னும் படுக்காத மீனைக் காப்பாற்றுவதுதான், படுத்துவிட்டதை எழுப்புவது இல்லை. அதனால்தான் சாவு கூடிய பிறகு ஆரம்பிக்கிற மருந்து ஏமாற்றுகிறது, தீவனம் தின்பது குறைகிற முதல் நாளிலேயே கவனித்திருந்தால் கதை வேறு.

சரி, அப்படியானால் கிருமிக்கு மருந்து பழகிவிட்டது என்று அவர் சொன்னது பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழகுவது என்ற சொல்தான் தப்பான படத்தைக் கொடுக்கிறது. காரம் தின்று தின்று நாக்கு பழகுவது போல ஒரு கிருமி மருந்துக்குப் பழகுவதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு ஏற்கெனவே மசியாத கிருமியாக இருக்கும், மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. இதற்கு முழு டோஸ்கூட வேண்டியதில்லை. கொல்வதற்குப் போதாத சிறு அளவு மருந்தே, மசிகிற கிருமியின் வளர்ச்சியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, மசியாததை முந்தவிடும். கிலோவுக்கு 4 மில்லிகிராம், 5 நாள், வருஷா வருஷம் என்பது இதற்காகவே யாரோ திட்டம் போட்டுச் செய்தது போல இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பத்துப் பண்ணையில் எட்டுப் பண்ணையில் இதையேதான் பார்க்கிறேன்.

ஆக இரண்டு சாத்தியம் இருக்கிறது. ஒன்று, கிருமி இன்னும் மருந்துக்குக் கேட்கும், மருந்துதான் போய்ச் சேரவில்லை. இரண்டு, மூன்று வருஷம் அரைகுறையாகக் கொடுத்ததில் உண்மையிலேயே மசியாத கிருமி கூண்டில் குடியேறிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மீன் சாகும். பரிசோதனை இல்லாமல் பிரித்துச் சொல்ல வழியில்லை.

இரண்டாவது சாத்தியத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாக்டீரியாவிடம் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன மரபணு வளையம் உண்டு. மருந்தைத் தோற்கடிக்கும் மரபணுக்கள் நாலைந்து ஒரே வளையத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும், ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், நகல் எடுத்துக் கொடுத்துவிடும். ஜப்பானில் கூண்டில் வளர்க்கும் மஞ்சள்வால் மீன்களைத் தாக்கும் போட்டோபாக்டீரியம் கிருமியிடம் இப்படிப் பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் மசியாத பிளாஸ்மிட்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டன. நீங்கள் ஆக்ஸிடெட்ராசைக்ளின் மட்டும்தான் கொடுத்தேன் என்றாலும், அந்த மரபணுவோடு சல்ஃபா என்ற வேறொரு ஆன்டிபயாடிக் வகைக்கான மரபணுவும் ஒரே வண்டியில் ஏறியிருந்தால், கொடுக்காத மருந்தும் சேர்ந்தே போய்விடும். வலையில் பிடித்திருக்கும் பாசியும் வழுவழுப்பும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வசதியான சந்தை.

இப்போது சிப்ரோஃப்ளாக்சசின். வேண்டாம். தயங்காமல் சொல்கிறேன், வேண்டாம். இது குயினோலோன் வகை, மனிதனுக்கு மிக முக்கியமான மருந்துகள் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியல் போட்டதில் மேல் வரிசையில் இருப்பது. உணவு மீனுக்கு இதைக் கொடுக்கப் பல நாடுகளில் அனுமதி இல்லை, மீனில் எச்சம் கண்டால் சரக்கே திரும்பும். இந்த வகையும் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு பலம் குறையும், ஆக டெட்ராசைக்ளினிடம் எந்தக் குறைக்காக ஓடுகிறீர்களோ அதே குறை இங்கேயும் வரும். குயினோலோனை முறியடிக்கும் மரபணு ஒன்று, மருத்துவமனைகளில் நோயாளிகளின் கிருமிகளில் பரவிக் கிடப்பது, அதன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஷீவனெல்லா என்ற கடல் பாக்டீரியாவில் போய் நின்றது. கடலில் இருக்கும் கிருமிக்கும் ஆஸ்பத்திரிக் கிருமிக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் என்று யாராவது பாக்கெட் நீட்டினாலும் வாங்காதீர்கள், உணவுக்கு வளர்க்கும் மீனில் அவை பெரும்பாலான நாடுகளில் முழுத் தடை.

டபுள் டோஸ்? எட்டை இரண்டால் பெருக்கினால் பதினாறு. இன்னும் போதாத டோஸ்தான், செலவு மட்டும் டபுள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இப்போது கொடுக்கும் மருந்தை நிறுத்திவிடுங்கள், அரை டோஸைத் தொடர்வதில் நன்மை இல்லை. ஒரு நாள் தீவனத்தையே நிறுத்தினாலும் 400 கிராம் மீனுக்கு ஒன்றும் ஆகாது. செத்த மீனைக் காலையும் மாலையும் எடுத்துக் கரைக்குக் கொண்டுபோய்ப் புதையுங்கள், கூண்டுக்கு வெளியே கடலில் வீசுவது அடுத்த கூண்டுக்கு விருந்து வைப்பது. ஒரு கூண்டின் கைவலையை அடுத்த கூண்டில் போடாதீர்கள். கையில் காயம் இருந்தால் கையுறை போடாமல் மீனைத் தொடாதீர்கள், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே, சில விப்ரியோ போன்ற மீன் கிருமிகள் மீன் முள் குத்திய கை வழியாக மனிதனுக்குள்ளும் போகும்.

அப்புறம், ஒரு மீனைப் பிடித்து ஒரு பக்கெட் நன்னீரில் சில நிமிஷம் விட்டுப் பாருங்கள். உடம்பிலிருந்து வெள்ளையாக, நகக்கண் அளவு தட்டையான புழுக்கள் உதிர்ந்து பக்கெட்டின் அடியில் கிடந்தால், உங்கள் நோயின் வேர் அங்கே இருக்கிறது. தோல் புழு அரித்த இடத்தில்தான் விப்ரியோவும் டெனாசிபாகுலம் என்ற கிருமியும் நுழையும். கண்ணில் வெள்ளை படர்வதும் பல சமயம் இந்தப் புழுவின் வேலைதான். புழுவை விட்டுவிட்டு எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதை. கொடுவா நன்னீரைத் தாங்கும் மீன் என்பது உங்களுக்கு ஒரு வரம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் மீன் துவண்டு கிடக்கிற இந்த வாரத்தில் மொத்தமாகக் குளிப்பாட்ட வேண்டாம், கொஞ்சம் தேறட்டும்.

பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மிதக்கிற செத்த மீனை அனுப்பினால் பயன் இல்லை, செத்த சில மணி நேரத்தில் குடலில் இருந்த கிருமியெல்லாம் உடம்பு முழுக்கப் பரவிவிடும், கடைசியில் ஆய்வகம் உங்களுக்குப் பெயர் சொல்வது அழுகல் கிருமிக்குத்தான். தள்ளாடிக்கொண்டு ஆனால் உயிரோடு இருக்கும் மீன் ஐந்தாறு வேண்டும். ஆய்வகம் பக்கம் என்றால் உயிரோடு கொண்டுபோங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்ப்பியுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். புண்ணிலிருந்து மட்டும் எடுத்தால் கடல்நீரில் இருக்கிற எல்லாமும் வளரும், அதனால் வயிற்றைத் திறந்து, காற்றுப்பையை விலக்கி, முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஓடும் சிறுநீரகத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், கண் பிதுங்கிய மீன் என்றால் மூளையிலிருந்தும். கண் பிதுங்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸின் கைவரிசையாகவும் இருக்கலாம், அது மூளையில்தான் நன்றாகக் கிடைக்கும். சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் வெள்ளை வெள்ளையாகக் குருணை தெரிந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோபாக்டீரியத்தை அங்கே சந்தேகப்பட வேண்டும். எதுவுமே வளரவில்லை என்றால் வைரஸையும் பார்க்கச் சொல்லுங்கள். நோடாவைரஸுக்கும் இரிடோவைரஸுக்கும் ஆன்டிபயாடிக் போட்டுத் தோற்றுவிட்டு, மருந்து எதிர்ப்பு வந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்வி இருக்கிறது. கிருமியை எந்த வெப்பநிலையில் வளர்க்கிறீர்கள், அதை வளர்க்கும் தட்டில் உப்பு எதைப் போடுகிறீர்கள். மனித மாதிரிகளையே பார்த்துப் பழகிய ஆய்வகங்கள் எதையும் 35, 37 டிகிரியில் வைப்பார்கள், கடல் மீன் கிருமிக்கு 28 டிகிரி வாக்கில் வைப்பதே சரி, சிலவற்றுக்கு 22. உப்பில்லாமல் பல விப்ரியோக்கள் வளராது, அதனால் உப்பு வேண்டும், ஆனால் சாதாரண சோடியம் குளோரைடு 1.5 முதல் 2 சதவீதம் போதும். சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கடல்நீரிலேயே தட்டுத் தயாரிப்பார்கள். ஒருமுறை ஒரு ஆய்வகத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டில் டெட்ராசைக்ளினும் குயினோலோனும் இரண்டுமே சுத்தமாகக் கேட்கவில்லை என்று இருந்தது, பண்ணைக்காரர் கூண்டையே காலி செய்யத் தயாராகிவிட்டார். விசாரித்தால் தட்டு கடல்நீரில் செய்தது. கடல்நீரின் மெக்னீசியம் மருந்தைக் கட்டிப்போட்டதில் தட்டில் வைக்கும் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் சுருங்கிப் போயிருந்தது. அதே கிருமியைச் சோடியம் குளோரைடு தட்டில் போட்டபோது வட்டம் அகலமாக வந்தது. அதனால் ரிப்போர்ட்டில் கேட்கும், கேட்காது என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள், வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணையும் வாங்குங்கள். அந்தக் கேட்கும், கேட்காது என்ற எல்லைக்கோடு பல சமயம் மனிதக் கிருமிக்கு வகுத்தது, மீன் கிருமிக்கு அப்படியே பொருந்தாது.

முடிவு ஆக்ஸிடெட்ராசைக்ளின் கேட்கும் என்று வந்தால், மீன் மருத்துவர் ஒருவரை வைத்து, மீனை எடை போட்டு, முழு அளவில், முழு நாளும் கொடுங்கள். 10 சதவீதப் பவுடரில் அது நடக்காது, கிலோவுக்கு 75 மில்லிகிராம் கணக்கில் மூட்டைக்கு ஒரு கிலோ பவுடர் பக்கம் போக வேண்டிவரும், மீன் அந்தத் தீவனத்தைத் தொடாது. மருந்தின் சதவீதம் அதிகமான சரக்கு வேண்டும். கேட்காது என்று வந்தால் ஃபுளோர்ஃபெனிகால் ஒரு வழி, அது கடல்நீரின் மெக்னீசியத்திடம் மாட்டிக்கொள்வதில்லை, உறிஞ்சப்படுவதும் நன்றாக இருக்கும், கிலோவுக்கு 10 மில்லிகிராம், 10 நாள் என்பது வழக்கம். ஆனால் அதையும் உங்கள் நாட்டில் மீனுக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, தட்டில் சோதித்து, மருத்துவர் சீட்டோடு. எதைக் கொடுத்தாலும் கடைசி டோஸுக்கும் அறுவடைக்கும் நடுவில் விடவேண்டிய நாள்களை லேபிளில் பார்த்து விட்டே ஆக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் மீன் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும், அதனால் பல இடங்களில் இதை நாளாக இல்லாமல் டிகிரி நாளாகக் கணக்கிடுகிறார்கள், 28 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் என்றால் 28 டிகிரி நாள்.

ஃபுளோர்ஃபெனிகாலைச் சொல்லிவிட்டேன், அதையே வருஷா வருஷம் பிடித்துக்கொள்வீர்களோ என்று பயமாகவும் இருக்கிறது. சிலி நாட்டு சால்மன் பண்ணைகளில் பிசிரிக்கெட்சியா என்ற கிருமிக்கு அதைத்தான் நம்பி நூற்றுக்கணக்கான டன் வருஷந்தோறும் கொட்டினார்கள், அங்கே கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது ஒன்றே. கிருமி மீனின் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது, மருந்து அங்கே போய்ச் சேருவது சிரமம், அதனால் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டியதாகிவிட்டது. நார்வேயில் அதே சால்மன். 1987-இல் சுமார் 50,000 டன் மீனுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது, பிறகு விப்ரியோவுக்கும் ஃபுருங்குலோசிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நோய்க்கும் தடுப்பூசி வந்தது, ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி போட்டுக் கடலில் விட்டார்கள், இன்று பத்து லட்சம் டன்னுக்கு மேல் வளர்க்கிற அந்த நாட்டில் வருஷத்துக்கு ஆன்டிபயாடிக் ஒரு டன்னைத் தொடுவதே அபூர்வம். நல்ல மருந்து கண்டுபிடித்ததால் இல்லை, மருந்து தேவைப்படாமல் பார்த்துக்கொண்டதால்.

கொடுவாவுக்கும் இது முடியும். உங்கள் கூண்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொன்று அதிலிருந்தே உங்கள் பண்ணைக்கென்று தடுப்பூசி தயாரிக்கும் வழி இருக்கிறது, அதற்கும் இப்போது எடுக்கப்போகிற அந்த மாதிரிதான் ஆதாரம், கிருமியை உறைய வைத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஊசி போடக் குஞ்சு 15, 20 கிராமாவது இருக்க வேண்டும், போட்டபிறகு சில வாரம் கழித்துத்தான் கடலுக்கு. இதுவும் ஒரு தடவை செய்து மறந்துவிடுகிற வேலை இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே தடுப்பூசி போட்ட பண்ணைகளில் தன் மேலுறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, ஆக சில வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கிருமியை எடுத்து ஊசியைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

அறுவடை முடிந்ததும் எல்லாக் கூண்டையும் ஒன்றாகக் காலி செய்து, வலையைக் கரையில் வெயிலில் காயப்போட்டு, கொஞ்ச காலம் இடத்தைச் சும்மா விடுங்கள். பெரிய மீனுக்குப் பக்கத்துக் கூண்டில் புதுக் குஞ்சு விடுவதை மட்டுமாவது நிறுத்துங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் தட்டின் போட்டோ ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள், வட்டத்தின் அளவுகளோடு. பக்கெட்டில் புழு உதிர்ந்ததா இல்லையா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், அதை நாளைக்கே பார்த்துவிடலாம்.